பத்து நிமிஷச் சாடை

— மாமா, இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. இங்கன கடைத் தகரத்து மேல மழை கொட்டுது, ஒண்ணும் விளங்க மாட்டேங்கு.

— சத்தமாத்தான் பேசுதேன் மருமவளே. இதுக்கு மேல கத்துனா ஜெயிலு செவரு விழுந்துரும், பொறவு அதுக்கு ஒரு கேஸ் போடுவாவ. கேட்டியா, வக்கீல் என்ன சொன்னாரு?

— குட் நியூஸ் மாமா! ஜாமீன் ஆர்டர் ஆயிட்டு. நாளைக்குக் காலைல பத்தரைக்குத் தென்காசி கோர்ட்டுல ரெண்டு பேரு வந்து ஒங்களுக்குக் கையெழுத்துப் போடணுமாம். ஒரு ஆளு டீக்கடை ஆவுடைநாயகம் அண்ணாச்சி, ரெடி. இன்னொரு ஆளு ரத்த சொந்தமா இருக்கணும்னு சொல்லிட்டாவ.

— ரத்த சொந்தத்துக்கு நான் எங்கன போவேன்? பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, பிள்ள குட்டி கிடையாது. ஒம் மாப்பிள்ளைய வரச் சொல்லு. கிங்ஸ்லி எனக்கு மருமவன்தான?

— அவிய பட்டாளத்துல மாமா, லடாக்குல இருக்காவ. ஒரு வாரத்துக்கு லீவு கிடையாதாம். அதனாலதான்... ரத்த சொந்தம் இந்தா பக்கத்துலயே இருக்காவ. ஸ்பீக்கர் போட்டிருக்கேன்.

— யாரு?

— என்ன மாமா தெரியாத மாதிரி. ஒங்க அக்கா.

— ஏட்டி கிருபா, போன்ல யாரு? பழம் வாங்க வந்தவள நிக்க வச்சுக்கிட்டு அரட்டை அடிக்க!

— அத்த, ஞானதுரை மாமா. ஜெயில்லருந்து பேசுதாவ. பத்து நிமிஷந்தான் விடுவாவ. ரெண்டே ரெண்டு வார்த்தை பேசிருங்க, ப்ளீஸ்.

— எனக்கென்ன வந்துச்சு? ஒம்பது வருஷமாத் திறக்காத வாயி ஜெயிலு போன்லயா திறக்கும்? நீயே பேசு. சும்மா ஒரு பேச்சுக்குக் கேளு, சாப்பிட்டானான்னு.

— அத்த, நீங்க சொல்லுதது அவியளுக்கே கேக்கும்.

— கேட்டாக் கேக்கட்டும். நான் ஒன்ட்டல்லா சொன்னேன்.

— மாமா, சாப்பிட்டீங்களான்னு அத்த கேக்காவ.

— சாப்பிட்டேன்னு சொல்லு.

— சாப்பிட்டாவளாம் அத்த.

— என்ன சாப்பிட்டான்னு கேளு.

— மாமா, என்ன...

— சோறும் சாம்பாரும்னு சொல்லு.

— சாம்பார்ல என்ன காயின்னு கேளு.

— இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன், கிடைச்ச ஒடனே சொல்லுதேன்னு சொல்லு.

— வாயப் பாத்தியாட்டி! ஜெயிலுக்குப் போனாலும் இந்த வாயி மட்டும் வெளிய சுத்துது. இழுப்பு இருக்கான்னு கேளு. தரையில படுத்தா அவனுக்கு இழுக்கும்.

— இல்லன்னு சொல்லு மருமவளே. இழுப்பெல்லாம் ஒண்ணுங்... ஒண்ணுங் கிடையாது.

— அப்ப இப்ப இருமுனது யாரு, வார்டரான்னு கேளு.

— ஐயோ, நான் என்ன மைக் செட்டா? ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து எந் தொண்ட வறளுது. மாமா, இழுப்புக்குக் குடுத்த பம்பு அடிக்கீங்களா?

— அடிக்கேன் அடிக்கேன். அது கெடக்கட்டும், கேட்டியா. எங் கடை எப்படிக் கெடக்கு? எண்ணெய் டின் ரெண்டையும் வெளியவே விட்டுட்டு வந்துட்டேன். நேந்திரங்காத் தாரு நாலு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. சாரல்ல எல்லாம் நாசமாப் போயிருக்கும்.

— இல்ல மாமா, ஒண்ணும் ஆவல. கடைக்கு நல்லா தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டியிருக்கு. எண்ணெய் டின்னும் உள்ள இருக்கு. காய மட்டும் வித்தாச்சு.

— யாரு கட்டுனா?

— அத... அத்த, யாரு கட்டுனான்னு கேக்காவ.

— காத்து கட்டியிருக்கும்னு சொல்லு.

— காத்து கட்டிச்சாம் மாமா.

— எங்க ஐந்தருவிக் காத்துக்கு முடிச்சுப் போடவும் தெரிஞ்சிருக்கே! சரி, அந்தக் காத்து நல்லா இருக்கட்டும்னு சொல்லு.

— மாமா, ஒரு செகண்டு. இந்த அக்கா ரம்புட்டான் ரெண்டு கிலோ கேக்காவ. போன இந்தப் பெட்டி மேல வைக்கேன், கட் பண்ணிராதீங்க. அத்த, ஒங்களத்தான், கட் பண்ணிராதீங்க!

— ஏ தராசே. ஒன்ட்டதான் சொல்லுதேன், வேற யாருட்டயும் இல்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் சிப்ஸ் கடை, இந்தப் பக்கம் என் பழக்கடை. ஒம்பது வருஷமா நிமிந்து பாக்காதவன் அன்னைக்கு மட்டும் எதுக்கு ரோட்டத் தாண்டி வந்தான்?

— ஏ செவரே. நானும் ஒன்ட்டதான் சொல்லுதேன், கேட்டியா. குடிச்சுட்டு வந்த ஒருத்தன் பொம்பளையாளு கடையில மங்குஸ்தான் கூடைய எட்டி ஒதைக்கான். அது யாரு கடைன்னு போர்டு பாத்துக்கிட்டா இருக்க முடியும்? யாரு கடையா இருந்தாலும் வந்திருப்பேன்.

— வந்தவன் கையால ரெண்டு வைக்கலாம்லா தராசே? எங் கடையில பதினோரு கிலோ பலாப்பழந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா? அதத் தூக்கி அவன் கால்ல போட்டு, ரெண்டு வெரல ஒடிச்சு, சீசன் கூட்டம் பூரா வேடிக்க பாக்க...

— போடல செவரே. கை நழுவிட்டு.

— தலைக்கு மேல தூக்குனத எங் கண்ணால பாத்தேன் தராசே!

— தலைக்கு மேல தூக்குனாத்தான செவரே நல்லா நழுவும்?

— சிரிக்காத தராசே. சிரிச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும். அந்தப் பழத்த வேற போலீஸ்காரவிய சாட்சிக்குன்னு தூக்கிட்டுப் போயிட்டாவ. அது ஸ்டேஷன்ல பழுத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மணக்குதாம்.

— நல்ல சாதிப் பழம் செவரே. வடகரைத் தோப்புப் பழம். எங்கம்மா கையால வச்ச மரம்.

— ...ஆமா தராசே. எங்கம்மா வச்ச மரந்தான்.

— வந்துட்டேன் வந்துட்டேன். என்ன, ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?

— நான் தராசுட்ட பேசிக்கிட்டு இருந்தேன்.

— நான் செவருட்ட பேசிக்கிட்டு இருந்தேன் மருமவளே.

— வெளங்குன மாதிரிதான்! மாமா, விளையாட்டு போதும். ஆறு நிமிஷம் ஓடிட்டு. நாளைக்கு வெள்ளிக்கிழம. விட்டா சனி, ஞாயிறு. திங்களும் செவ்வாயும் கோர்ட்டு லீவாம். இந்த இழுப்போட இன்னும் அஞ்சு நாளு தரையில படுப்பீங்களா? ஒரே ஒரு வார்த்தை. "அக்கா, நாளைக்குக் கோர்ட்டுக்கு வா." அவ்வளவுதான். சொல்லுங்க.

— சொல்ல மாட்டேன்.

— மாமா!

— வரணும்னு இருந்தா அவளா வரட்டும். தாய்மாமனா என்ன மதிக்காதவட்ட நான் எப்படிப் போய்க் கேப்பேன்? எனக்கு ரோசம் இல்லையா?

— இன்னுமா அந்தப் பத்திரிகைச் சண்ட? அது எங் கல்யாணப் பத்திரிகை மாமா. எனக்கே ரெண்டு பிள்ளையாயிட்டு!

— பத்து பிள்ள பெத்தாலும் அச்சடிச்சது அச்சடிச்சதுதான். "தாய்மாமன்"னு தனியா மேல நிக்க வேண்டிய பேரு மருமவளே. அத எங்கன போட்டாவ? அடியில, "நல்வரவை விரும்பும்"னு ஒரு பெருங்கூட்டம், அதுக்குள்ள. உரக்கடை பாண்டிக்கும் சர்ச்சு கோயில்பிள்ளைக்கும் நடுவுல! கேட்டியா, நடுவுல!

— அது பிரஸ்காரன் பண்ணுன கோளாறுன்னு சொல்லுட்டி அவன்ட்ட.

— பிரஸ்காரனுக்கு அடிக்குததுக்கு மின்ன யாரு பாத்துக் குடுத்தாவன்னு கேளு.

— கல்யாண வீட்டுல ஆயிரம் சோலி இருக்கும்னு சொல்லு. வந்த மனுசன் மோதிரத்தப் போட்டுட்டு, பந்தியில உக்காராம, ஒரு வாய் தண்ணி குடிக்காம போனானே, அது மட்டும் மரியாதையான்னு கேளு.

— பசிக்கலன்னு சொல்லு.

— பிரியாணிய வாளி வாளியாத் திங்குதவனுக்கு அன்னைக்கு மட்டும் பசிக்கலையான்னு கேளு!

— கேக்க மாட்டேன்! ரெண்டு பேருட்டயும் நான் ஒண்ணுங் கேக்க மாட்டேன். ஏழு நிமிஷம் தாண்டிட்டு. மாமா, கூப்பிடப் போறீங்களா இல்லையா?

— மாட்டேன்.

— அத்த, நீங்களாவது வாறேன்னு சொல்லப் போறீங்களா இல்லையா?

— அவன் வாயால கூப்பிடட்டும், பொறவு பாப்போம். எனக்கென்ன வந்துச்சு?

— நல்ல ரத்தம், நல்ல சொந்தம்! மாமா, நான் சொல்லுததக் கேளுங்க... மாமா? மாமா, லைன்ல இருக்கீங்களா? ஹலோ?

— என்னட்டி?

— சத்தத்தக் காணும் அத்த. ஹலோ? ஹலோ, மாமா! ...ஸ்கிரீனும் இருட்டாக் கெடக்கு. கட்டாயிட்டு.

— கட்டாயிட்டா?

— இந்த மழைக்கு டவரு போயிருக்கும். இனிமே என்னைக்கு விடுவாவளோ. போங்க அத்த. பாவம், இருமிக்கிட்டே வச்சிருக்காவ.

— ஏட்டி... அழாத. அந்த மாம்பழப் பெட்டிக்கு அடியில ஒரு கவர் இருக்கு பாரு. எடு. ஈரக்கையத் தொடச்சுட்டு எடு.

— என்னது அத்த இது? வீட்டுத் தீர்வை ரசீது... ஒங்க ஆதார் ஜெராக்ஸு, ரேஷன் கார்டு... வி.ஏ.ஓ. கையெழுத்து வேற. போட்டோ மூணு. இதெல்லாம் எப்ப அத்த வாங்குனீங்க?

— போன செவ்வாக்கிழம. சுரண்டைக்குப் பழம் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேம்லா, அன்னைக்கு. வக்கீல்ட்டயும் பேசியாச்சு.

— அப்ப நாளைக்கு வாறீங்களா!

— வராம? அவன் கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் பத்து மணிக்கே கோர்ட்டு வாசல்ல நிப்பேன். "இந்த ஆளு ஒனக்கு யாரும்மா"ன்னு ஜட்ஜு கேப்பாவளாம். "எந் தம்பி"ன்னு சொல்லணுமாம். ரெண்டு நாளா அடுப்படியில நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒம்பது வருஷமாச் சொல்லாத வார்த்தைலா, அவிய முன்னால நாக்கு தடுக்கிரக் கூடாது.

— அத்த! இத மாமாட்டயே சொல்லியிருக்கலாம்லா?

— எப்படிட்டிச் சொல்ல? பத்திரிகை கட்டுப் பிரிச்சதும் முதப் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் வைக்கணும். மை காயுமுன்ன வெத்தல பாக்கு தட்டோட ஓடிப் போய் அவனுக்குத்தான் வச்சேன். வாசிச்சுக்கூடப் பாக்கல. வீட்டுக்கு வந்து பொறவுதான் பாக்கேன், பேரு அடியில கெடக்கு. மிச்சம் நானூறு பத்திரிகைலயும் பேனாவால "தாய்மாமன் ஞானதுரை"ன்னு மேல எழுதுனது நான்தான். ஊருல எல்லாருக்கும் திருத்துன பத்திரிகை போச்சு. அவன் ஒருத்தன்ட்ட மட்டுந்தான் திருத்தாதது கெடக்கு.

— ஐயோ, எங்க அம்மா வீட்டுக்கு வந்ததுல பேனாவால எழுதியிருந்துச்சே! அது இதுதானா? அந்தத் திருத்துனதுல ஒண்ணக் கொண்டு போய்க் குடுத்திருக்கலாம்லா அத்த?

— குடுக்கலாம்னுதான் கல்யாணத்தன்னைக்கு ஒண்ண இடுப்புல சொருகி வச்சிருந்தேன். அதுக்குள்ள அவன் கிளம்பிட்டான். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலயே ஓடுனேன். பஸ்ஸு எடுத்துட்டாவ. "தம்பி, தம்பி"ன்னு கத்துனேன். ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தாம்னா போதும், இத்தன வருஷம் ஆயிருக்காது. பாக்கலட்டி. கல்லு மாதிரி உக்காந்திருந்தான். அதத்தான் என்னால தாங்க முடியல. இல்லாட்டி, நான் அவன்ட்ட பேசாம இருப்பேனா?

— அத்த...

— நீ எதுக்குட்டி கண்ணத் தொடைக்க?

— அத்த, போன் கட்டாகல. ஸ்கிரீனுதான் அணைஞ்சிருந்துச்சு, மழைக்கு அவிய சத்தந்தான் இங்க வரல. இந்தா பாருங்க, செகண்டு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

— திரும்பிப் பாத்தேன்க்கா. பஸ்ஸு கொஞ்சம் தள்ளிப் போன பொறவு பின்கண்ணாடி வழியாப் பாத்தேன். பட்டுச்சேலையோட, கால்ல செருப்பில்லாம நின்ன.