ஜன்னலில் ஒரு கை

— கையைத் தூக்கினாங்க மேடம். போன வாரமும் தூக்கினாங்க, அதுக்கு முந்தின வாரமும் தூக்கினாங்க. இதுல என்ன இருக்கு? ஏன் இப்படி முழிக்கிறீங்க?

— அண்ணே, வண்டியை ஓரமா நிறுத்துங்க.

— இங்க நிறுத்தக் கூடாது, ஆஸ்பத்திரி வாசல். அந்தத் திருப்பம் தாண்டினதும்...

— நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!

— நிறுத்தியாச்சு. உங்க அவசரத்துக்குப் பின்னாடி தட்டுல இருந்த அத்தனை புத்தகமும் சரிஞ்சிருச்சு, சத்தம் கேட்டுச்சா? மறுபடி அடுக்கப் போறவன் நான்தான். அதான் சங்கதி. இப்போ சொல்லுங்க.

— ஒண்ணொண்ணா கேக்குறேன், ஒண்ணொண்ணா பதில் சொல்லுங்க. யாரு கையைத் தூக்கினாங்க?

— ஜன்னலம்மாதான். பச்சை கேட் வீடு. இப்போ நாம போய்க்கிட்டிருக்கோமே, அதே வீடு. லைப்ரரி வண்டி வர்ற நாளு அவங்க அந்த ஜன்னல் நாற்காலியை விட்டு எங்க எந்திரிச்சாங்க? புத்தகப் பையைக் கதவுப் பிடியில மாட்டிட்டுத் திரும்பினா, உள்ள இருந்து ஒரு கை மேல போகும். ‘வந்ததைப் பாத்துட்டேன், போயிட்டு வா’ன்னு அர்த்தம்.

— நீங்க கண்ணால பாத்தீங்களா?

— பின்ன, காதாலயா பாப்பாங்க?

— அண்ணே... ஜன்னலம்மா செத்துப் போயிட்டாங்க.

— என்னது? எப்போ?

— மழை ஆரம்பிச்ச வாரம். ஆபீஸ்ல இருந்து நாங்க எல்லாரும் போயிட்டு வந்தோம்.

— மேடம், இந்த விளையாட்டெல்லாம் என்கிட்ட வேண்டாம். நெஞ்சு வலிக்காரன் நான்.

— நான் என்னைக்காவது விளையாடிப் பாத்திருக்கீங்களா?

— இல்ல. அதான் பயமா இருக்கு. எல்லாரும் போனீங்கன்னா நான் எங்க போனேன்?

— நீங்க பயிற்சிக்குப் போயிருந்தீங்க. தலைமை நூலகத்துல, வீட்டுச் சேவை ஊழியர்களுக்குன்னு நடத்தினாங்களே, அந்த வாரம்.

— அட, அந்தக் கண்றாவியா! தலை நரைச்ச டிரைவருக்கு மணி அடிக்கச் சொல்லிக் குடுத்தாங்களே, அதுதானே? போர்டுல ஒரு வீட்டை வரைஞ்சு, இது வாசல், இது ஜன்னல்னு பாடம் எடுத்த பொண்ணு காட்டிச்சு. வாசகர் வீட்டை எட்டிப் பாக்காதே. கதை அளக்காதே. மணியை ஒரு தடவை அடி, பையை மாட்டு, திரும்பிப் பாக்காம வா. சர்டிபிகேட்டுகூடக் குடுத்தாங்க, என் வீட்டுக்காரி அதை பீரோ மேல ஒட்டி வெச்சிருக்கா.

— திரும்பி வந்ததும் உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்.

— யாரும் சொல்லலையே! சரி, செத்தவங்கன்னு தெரிஞ்சும் வாராவாரம் எதுக்கு அவங்க பேர்ல பை கட்டி என் வண்டியில ஏத்துனீங்க?

— ஒரு ஆளு குறைஞ்சா இந்தப் பக்கத்துக்கு வண்டியே கிடையாதுன்னு உத்தரவுண்ணே. அவங்களோட சேர்த்துத்தான் கணக்கு சரியா இருந்துச்சு. அவங்க கார்டை மூடுனா மாடிவீட்டுத் தாத்தாவுக்குப் புத்தகம் கிடையாது. டயாலிசிஸ் பொண்ணுக்குக் கிடையாது. சக்கர நாற்காலி வாத்தியாருக்குக் கிடையாது. இந்த வண்டி ஓடணுமா வேண்டாமான்னு கவுன்சில்ல நடக்கப் போற ஓட்டெடுப்பு முடியுற வரைக்கும் தள்ளிரலாம்னு நினைச்சேன். ஓட்டெடுப்பை அவங்க தள்ளிப் போட்டுக்கிட்டே போனாங்க, நானும் பை கட்டிக்கிட்டே போனேன்.

— அதை நான் கொண்டு போய் மாட்டிக்கிட்டே போனேன்.

— மாட்டுவீங்கன்னு யாரு கண்டா? வீடு பூட்டிக் கிடக்கு, மகன் வந்து அவங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போயிட்டான்னு சொன்னாங்க. நீங்க தெரிஞ்சேதான் பையை வண்டியிலயே ஒரு வாரம் வெச்சிருந்துட்டுத் திருப்பிக் கொண்டு வர்றீங்க, எனக்காக வாயைத் திறக்காம இருக்கீங்கன்னு நினைச்சேன். மனசுக்குள்ள உங்களைக் கும்பிட்டுக்கிட்டிருந்தேன்.

— நல்லா கும்பிட்டீங்க போங்க! நான் புதுப் பையை மாட்டுவேன், பழைய பையைக் கழட்டுவேன். அதான் நடந்துச்சு. பழைய பை வெறுமனே தொங்கிக்கிட்டு இருந்ததில்ல மேடம். படிச்ச புத்தகமா வரும். பக்கத்து முனை மடிஞ்சு வரும். மடிக்காதீங்கம்மான்னு அவங்ககிட்ட எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கேன். இப்பவும் மடிஞ்சுதான் வருது. வண்டியில உக்காந்து நீவி நீவி விட்டுட்டுத்தான் உங்ககிட்ட குடுப்பேன், நீங்க திட்டுவீங்களேன்னு.

— எனக்கு உடம்பெல்லாம் சில்லுங்குது.

— உங்களுக்கு இப்பத்தான் சில்லுங்குது. எனக்கு அதை நினைச்சா அழுகையா வருது. முன்னாடியெல்லாம் அந்த வாசல்ல நின்னு எவ்வளவு பேசுவேன் தெரியுமா? என் பொண்ணு கல்யாணத்தை நிச்சயம் பண்ணி வெச்சதே அவங்கதான்னு சொல்லலாம், அவ்வளவு யோசனை சொன்னாங்க. பயிற்சி முடிஞ்சு வந்தேன், சட்டம்னா சட்டம்னு வாயை மூடிக்கிட்டேன். மணி, பை, நடை. அவங்களும் ஜன்னலைத் திறந்து கூப்பிடல. சரி, கோபம் போலன்னு விட்டுட்டேன். செத்தவங்ககிட்ட கோவிச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்!

— அழாதீங்கண்ணே. வண்டியை எடுங்க.

— எங்க?

— பச்சை கேட் வீட்டுக்குத்தான். கறார் கவுன்சிலர் நாலு மணிக்கு அங்க வர்றாங்க.

— அந்த அம்மாவா? லைப்ரரியை எல்லாம் இழுத்து மூடிட்டு ஆளுக்கொரு போன் வாங்கிக் குடுங்கன்னு பேசினாங்களே?

— அவங்களேதான். நாளைக்குக் கூட்டத்துல பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். அந்த அம்மா ஒரு கையைத் தூக்கினா வண்டி ஓடும், தூக்கலன்னா நிக்கும். வீட்டுச் சேவைன்னு சொல்றீங்களே, நிஜமா ஒரு வாசகரைக் கண்ணால பாக்கணும்னு கேட்டாங்க. யாரைப் பாக்குறீங்கன்னு கேட்டேன். உங்ககிட்டயே அதிகமா புத்தகம் வாங்குறது யாருன்னு கம்ப்யூட்டரைத் தட்டச் சொன்னாங்க.

— ஜன்னலம்மா.

— ஜன்னலம்மா.

— இருக்குற அத்தனை பேரையும் விட்டுட்டு... நல்லா இருக்கு மேடம் உங்க நேரம்.

— அதான் முன்னாடியே போய் கேட்டுல நிக்கப் போறேன். வந்ததும் உண்மையைச் சொல்லிடப் போறேன்.

— சொன்னா?

— கை தூக்க மாட்டாங்க. எனக்கு மெமோ வரும். உங்க வண்டியை ஏலம் போடுவாங்க.

— எனக்கு இந்த வயசுல வேற வண்டி யாரு மேடம் குடுப்பா? சரி விடுங்க, அதை அப்புறம் அழுதுக்கலாம். மாடிவீட்டுத் தாத்தாவுக்கு யாரு சொல்றது?

— நான் சொல்றேன்.

— நீங்க சொல்ல மாட்டீங்க. என்னைத்தான் அனுப்புவீங்க.

— ஓட்டுங்கண்ணே.

— ஓட்டிக்கிட்டுத்தானே இருக்கேன். மெதுவாத்தான் போவேன். இதோ, தண்ணித் தொட்டி. இதோ மருந்துக் கடை. இனிமே நாலாவது வீடு. நீங்க முதல்ல பாருங்க மேடம், நான் ரோட்டைப் பாக்குறேன்.

— பச்சை கேட். திரை பாதி விலகியிருக்கு. நாற்காலி தெரியுது.

— நாற்காலியில?

— யாரும் இல்ல.

— அப்பாடா.

— ஆனா வாசப்படியில ஒருத்தர் உக்காந்திருக்காரு. வயசானவர். கையில மருந்துக் கவர்.

— வாங்கம்மா, வாங்க. நீங்க லைப்ரரி மேடம்தானே? அன்னைக்கு வந்திருந்தீங்க. வா தம்பி, நீயும் வா. வாராவாரம் பாக்குறேன், பேசத்தான் முடியல. என்ன நான் சொல்றது, படியிலயே உக்காருங்க. உள்ள... உள்ள அப்புறம் போலாம்.

— ஐயா, உங்களை மகன் கூட்டிட்டுப் போயிட்டதா சொன்னாங்களே?

— போனேன்மா. அங்க எல்லாரும் நல்லவங்கதான். எல்லாரும் நல்லவங்களா இருக்குற வீட்ல நமக்கு வேலை ஒண்ணும் இருக்காது. அந்த வாரமே திரும்பிட்டேன். வந்து பாத்தா கதவுல பை தொங்குது, அவ பேர் போட்டு. சொன்னா நிறுத்திடுவீங்கன்னு சொல்லல. அவ படிக்கிற மாதிரியே முனையை மடிச்சு மடிச்சுப் படிச்சேன்.

— ஐயா, நான் டிரைவர் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஜன்னல்ல கை?

— நான்தான் தம்பி.

— நீங்களா!

— கடைசி நாளு ஆஸ்பத்திரியில அவ வேற எதுவும் சொல்லல. வண்டிக்காரத் தம்பி வந்தா கையைத் தூக்கிக் காட்டுங்க, இல்லன்னா அவரு மனசு கஷ்டப்படும்னா. அதை மட்டும்தான் சொன்னா. எனக்கு ஒரு வார்த்தை சொல்லல பாரு! அவ சால்வையைப் போத்திக்கிட்டு அந்த நாற்காலியில உக்காருவேன். நீ கிட்ட வந்து பேசினா குரல்ல குட்டு வெளிப்பட்டுருமேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நல்லவேளை, நீ பேசுறதை நிறுத்திட்டே.

— பயிற்சி குடுத்தாங்க ஐயா... எனக்குப் பேசாம இருக்கப் பயிற்சி குடுத்தாங்க.

— அண்ணே, எந்திரிங்க, கண்ணைத் துடைச்சுக்கங்க. ஐயா, உங்களை இப்போ பாத்ததுல பாதி உயிர் வந்திருச்சு எனக்கு. ஒண்ணொண்ணா சொல்றேன், கேளுங்க. நாலு மணிக்கு கவுன்சில்ல இருந்து ஒரு அம்மா வருவாங்க. கார்டை உங்க பேருக்கு மாத்தியிருக்கணும், நான் மாத்தல, தப்பு என்னோடதுன்னு அவங்ககிட்ட சொல்லிடறேன். நீங்க படிக்கிறதை மட்டும் நீங்க சொன்னாப் போதும். கணக்குல ஆளு குறையவே இல்லையே, பேருதானே தப்பு!

— அந்த அம்மா காலையிலயே வந்துட்டுப் போயிட்டாங்களேம்மா.

— போயிட்டாங்களா? சொல்லாம முன்கூட்டியே வந்து பாத்திருக்காங்க! என்ன கேட்டாங்க? நீங்க என்ன சொன்னீங்க?

— நான் எங்க இருந்தேன் சொல்றதுக்கு? மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். கூட்டம். நின்னு வாங்கிட்டு வர நேரமாயிருச்சு.

— அப்போ வீட்ல?

— பூட்டிட்டுத்தான் போனேன்.

— வேற யாராவது, உறவுக்காரங்க, வேலைக்கு வர்றவங்க?

— எனக்கு யாரும்மா வருவா? சால்வையைக்கூடத் துவைச்சுக் கொடியில போட்டிருந்தேன், அதோ பாருங்க, இன்னும் ஈரம் காயல.

— போச்சு மேடம். மணி அடிச்சுப் பாத்திருப்பாங்க, ஆளே இல்லாத வீட்டுக்குப் புத்தகம் போகுதுன்னு எழுதிக்கிட்டுப் போயிருப்பாங்க. அதான் சங்கதி.

— ஐயா, அவங்களை நீங்க பாக்கவே இல்லையா?

— பாத்தேன். நான் தெருவுல வர்றப்ப கேட்டைச் சாத்திக்கிட்டிருந்தாங்க. இந்த வீட்டுக்காரர் நான்தான்னதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்ப இருந்து உள்ள போகல நான், படியிலயே உக்காந்திருக்கேன்.

— ஏன், என்ன சொன்னாங்க?

— ‘உங்க வீட்டம்மாவைத் தொந்தரவு பண்ணலைங்க, மணி அடிச்சேன், அவங்களால எந்திரிக்க முடியல போல, ஜன்னல்லயே என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டுக் கையைத் தூக்கினாங்க, நாளைக்குக் கூட்டத்துல நானும் தூக்கிடறேன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க’ன்னு சொல்லிட்டுப் போனாங்கம்மா.