ஒன்பதில் நின்ற ஸ்கோப்

“ஆட்டை ஆர் சுட்டது?” என்று என் நாலு வயது மகள் கேட்டாள். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

கனடாவில், ஸ்காபரோ பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கையில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். இளையவர் சொன்ன முதல் வசனத்திலேயே நான் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணை, மான் கிட்ட வந்து நிண்டது. துவக்கிலை பூட்டின ஸ்கோப் கண்ணாடிக்குள்ளாலை பாத்தா ஒரே மண்ணிறச் சுவர்!”

“எத்தினை மடங்கு பெருப்பிச்சு வச்சிருந்தனி?”

“ஒன்பதிலை. சுட்டுப் பழகிற ரேஞ்சிலை அப்பிடித்தானே குறி சரிபாத்தனான்.”

“அட விசரா! ஒன்பது தூரத்துக்கு. காட்டுக்குள்ளை நடக்கேக்கை மூண்டிலை வைக்கோணும். மூண்டிலையும் குண்டு அதே இடத்திலை படுதோ எண்டு சுட்டுப் பாத்தனியோ?”

“இல்லை. நாளைக்கு நேரை மானிலையே பாப்பம்.”

“காலிலை பட்டு அது நொண்டிக்கொண்டு ஓடவோ? நாளைக்கு ரேஞ்சுக்குத்தான். இல்லாட்டி நான் வரமாட்டன்.”

“ஐயோ அண்ணை, ஞாயிறு மான் கறியெண்டு மனிசி எல்லாருக்கும் சொல்லிப்போட்டா. கறித்தூளும் வறுத்திட்டா.”

அடுத்த தரிப்பிடத்தில் இளையவர்தான் விட்டுக்கொடுத்தார்.

“சரி, ரேஞ்சுக்கே போவம். வரேக்கை ஆட்டிறைச்சி வாங்குவம். தூளைக் கூடப் போட்டா ஆருக்குத் தெரியும்?”

“எலும்பைப் பாத்தே உன்ரை மனிசி பிடிப்பா. எலும்பில்லாமல் வாங்கு.”

அவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கிய பிறகுதான் மகள் அதைக் கேட்டாள். கடையில் வாங்குவது என்றால், கடைக்காரர் எப்படிச் சுட்டார் என்று அடுத்த கேள்வி வரும். பொய் சொல்லவும் மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டிலும் ஆட்டுக்கறிதான். பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது, அடுத்த கறிக்கு முன் என்ன சொல்லலாமென்று எழுதுங்களேன்.