முட்டிவலி வைத்தியம்

ஐயய்யோ, செருப்போட உள்ள போகாதீங்க தம்பி. அந்தப் பலகை மேல கழட்டி வைங்க. ஆமா, இங்கதான் இருக்காங்க உங்கம்மா, பத்திரமா இருக்காங்க. போன் எடுக்கலையா? எப்படி எடுப்பாங்க? இந்தப் பிளாஸ்டிக் வாளியப் பாருங்க, வர்றவங்க போன் அத்தனையும் இதுக்குள்ளதான் கெடக்கு. வந்ததுலேருந்து ஒண்ணு மட்டும் துள்ளிக்கிட்டே இருக்கு. யாரு பெத்த புள்ளையோ விடாம கூப்பிடுதேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீங்கதானா அது.

உக்காருங்க. உக்காருங்கன்றேன்ல. தாளம் ஆரம்பிச்சுட்டா கதவத் திறக்கக் கூடாது, இங்க அதான் சட்டம். நானா? இன்னிக்கு வாசல் காவல். மத்த வாரம் நானும் உள்ள ஆடறவன்தான். லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்தக் கட்டடத்து லிஃப்ட்கூட நான் மாட்டினதுதான். நீங்க லிஃப்ட்லயா வந்தீங்க? படியேறியா? அதானே பாத்தேன், அது ரிப்பேரு.

மூஞ்சி கடுகடுன்னு இருக்கே. முட்டிவலிக்கு வைத்தியம்னு சொல்லிட்டு ஆட வந்துட்டாங்க, அதானே? பக்கத்து வீட்டம்மா போட்டுக் குடுத்துட்டாங்களாக்கும். நல்லா இருக்கட்டும். ஆனா உங்கம்மா பொய்யொண்ணும் சொல்லலையே தம்பி. இத ஆரம்பிச்சதே ஒரு நர்ஸம்மா. அவங்க ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்குத் தூக்கம் வரலை, முட்டி வலிக்குது, எதுலயும் மனசு ஒட்டலை. என்னன்னு விசாரிச்சா, எல்லாம் வீட்ல தனியா செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. மாத்திரைச் சீட்டோட இந்த எடத்துக்கு வழியும் சொல்லி அனுப்பினாங்க. என் வீட்டுக்காரி போனப்புறம் எனக்கும் அதே கதைதான். டிவியப் போட்டு அதுல செய்தி வாசிக்கிறவனோட சண்ட போட்டுக்கிட்டுக் கெடந்தேன். போய் மனுஷங்களோட சண்ட போடுங்கன்னு நர்ஸம்மாதான் தள்ளிவிட்டாங்க.

ஆட்டம்னா நீங்க நெனைக்கிற ஆட்டமில்ல. வட்டமா நிப்போம். டிரம் அடிக்கிறாரே, அவரு பேக்கரில மாவு பிசையறவரு, அதனால அடியும் அப்படித்தான் விழும். வாரம் ஒருத்தர் நடுவுல வந்து நிக்கணும். நடுவுல நிக்கிறவங்க என்ன பண்ணாலும் சுத்தி நிக்கிறவங்க அப்படியே பண்ணணும். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. ஒரு வாரம் நம்ம பல் டாக்டர் நின்னாரு. மனுஷனுக்குக் கெண்டக்கால் புடிச்சுக்கிச்சு. ஒத்தக்கால்ல குதிச்சு, ஐயோ அம்மான்னு கத்தறாரு. நாங்களும் ஒத்தக்கால்ல குதிச்சு ஐயோ அம்மான்னு கத்தறோம். யாராவது புடிங்கய்யான்னு கைய நீட்டறாரு. நாங்களும் நீட்டறோம், யாராவது புடிங்கய்யான்னு. பேக்கரிக்காரர் என்னிக்கும் இல்லாம அன்னிக்கு வெளுத்து வாங்கறாரு. கடைசில டாக்டர் தொப்புன்னு தரையில உக்காந்துட்டாரு. நாங்களும் தொப்புன்னு உக்காந்து, பிரமாதம்னு கைதட்டினோம்.

சிரிப்பு வரலையா? சரி விடுங்க.

தெரியும் தம்பி. போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தது தெரியும். நீங்க வீடு பூரா கைப்பிடி அடிச்சது, தரையெல்லாம் ரப்பர் விரிச்சது, மாடிப்படியே ஏறக் கூடாதுன்னு சொன்னது, எல்லாம் தெரியும். சொல்லாமலா இருப்பாங்க? குறை சொல்லலை, என் புள்ள என்னப் பீங்கான் தட்டு மாதிரி பாத்துக்கறான்னு சொன்னாங்க. ஆனா பீங்கான் தட்ட யாரு தினம் எடுத்துச் சாப்பிடறா, அலமாரில வச்சுப் பாக்கறதோட சரின்னும் சொன்னாங்க. எனக்கே சுருக்குன்னு இருந்துச்சு.

என்ன? இங்க எப்படி மேல வந்தாங்களா? படியேறித்தான். மூணு மாடியும். ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு, எனக்கு மூச்சு வாங்கறதக் கிண்டல் பண்ணிக்கிட்டு ஏறுவாங்க.

எடுத்த எடுப்புலயே ஆடிடலை. வந்த புதுசுல ஓரமா ஒரு நாற்காலில, கைப்பைய மடியில வச்சுக்கிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உக்காந்திருப்பாங்க. நான் பாக்கத்தான் வந்தேன்னுடுவாங்க. ஒரு நா நர்ஸம்மா விடலை. கையப் புடிச்சு நடுவுல கொண்டாந்து நிறுத்திட்டாங்க. டிரம் அடிக்குது. உங்கம்மா திருதிருன்னு முழிக்கறாங்க. நாங்களும் திருதிருன்னு முழிக்கறோம். இது என்னடா வம்பாப் போச்சுன்னு கைப்பையத் திறந்து கண்ணாடிய எடுத்தாங்க. நாங்க எல்லாரும் இல்லாத பையத் திறந்து இல்லாத கண்ணாடிய எடுத்தோம். முந்தானையில தொடச்சாங்க. நான் சட்ட நுனியில தொடச்சேன். மாட்டிக்கிட்டு நிமிந்து பாத்தாங்க பாருங்க, ஊரே கண்ணாடி மாட்டிக்கிட்டு அவங்களையே பாக்குது! சிரிச்சாங்க தம்பி. வயித்தப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. நாங்களும் சிரிக்கணுமில்ல, சட்டமாச்சே, ஆனா எங்களுக்கு நிஜமாவே வந்துடுச்சு.

அவங்க அப்படிச் சிரிச்சு நீங்க பாக்கலையா? அப்பா போனப்புறம் பாக்கவே இல்லையா. பாவம். இல்ல, உங்களத்தான் சொல்றேன்.

எழுந்திரிக்காதீங்க, உக்காருங்க. இருங்க, கூட்டிக்கிட்டுப் போகலாம், யாரு வேணாம்னா? சரி, உண்மையச் சொல்லிடறேன். இன்னிக்கு நடுவுல நிக்கிறது உங்கம்மா. நீங்க கெளம்பி வர்றீங்கன்னு உங்க வீட்டுக்காரம்மா, அம்மா போன வாளில போடறதுக்கு முன்னாடியே சேதி சொல்லிட்டாங்க. அடடா, அது உங்களுக்குத் தெரியாதா? தெரியாத மாதிரியே இருந்துடுங்க. அதான் உங்கம்மா என்னக் கூப்பிட்டு, என் புள்ளைய வாசல்லயே புடிச்சு வைங்க, எதையாவது பேசுங்க, அதுதான் உங்களுக்கு நல்லா வருமேன்னாங்க. உள்ள வந்து, அம்மா பாத்துன்னு ஒரு சத்தம் போட்டான்னா எனக்குக் கால் நடுங்கிடும், அவன் பயம் எனக்குத் தொத்திக்கும்னாங்க. உங்க மேல கோவமில்ல தம்பி. உங்க பயத்தப் பாத்துத்தான் அவங்களுக்குப் பயம்.

வேணும்னா இந்தக் கதவுக் கண்ணாடி வழியாப் பாருங்க. சத்தம் போடக் கூடாது. தெரியுதா? நீலச் சேல. ம்ம், ஆடறாங்க. என்ன பண்றாங்கன்னு புரியுதா? ஒரு விரல ஆட்டறாங்க பாருங்க. இப்போ குனிஞ்சு தரை ஈரமா இருக்கான்னு தொட்டுப் பாக்கறாங்க. இப்போ இல்லாத ஆளோட முழங்கையப் புடிச்சுக்கிட்டு மெள்ள மெள்ள நடக்கறாங்க. அதாரு மாதிரி இருக்கு? யோசிங்க. ஆங், நீங்களேதான்! பல் டாக்டர், நர்ஸம்மா, மொத்தக் கூட்டமும் உங்கள மாதிரியே விரல ஆட்டிக்கிட்டுச் சுத்துது பாருங்க. உங்க நடை பல் டாக்டருக்குத்தான் அச்சா வருது.

சிரிங்க, சிரிங்க. வாயப் பொத்தாதீங்க. சிரிக்கறப்ப அம்மா ஜாடை அப்படியே இருக்கே.

இப்போ சொல்லலாம்னு நெனைக்கறேன். இவ்ளோ நேரம் உங்களப் புடிச்சு வைக்கப் பேசினேன்னா நெனைச்சீங்க? அது ஒரு பக்கம். இன்னொண்ணு சொல்லத் தைரியம் வராமலும் பேசிக்கிட்டிருந்தேன். ஆட்டம் முடியறதுக்குள்ள என் புள்ளகிட்ட நீங்க சொல்லிடணும், இல்லேன்னா நானே வெளிய வந்து போட்டு உடைச்சுடுவேன்னு உங்கம்மா மிரட்டிட்டுப் போயிருக்காங்க. அவங்க சொன்னா செஞ்சுடுவாங்க, அது உங்களுக்கே தெரியும். மொறப்படி பெரியவங்க யாரையாவது கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரணும். எனக்கும் பெரியவங்க யாரும் மிச்சமில்ல, அவங்களுக்கும் இல்ல. எங்க பக்கம் பெரியவன்னா என் புள்ளதான், அவன்கிட்டயே கேளுங்கன்னாங்க.

அதான் தம்பி. உங்கம்மாவப் பொண்ணு கேக்கறேன். பொண்ணுக்குச் சம்மதம். நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா கதவத் திறந்துடறேன்.