பார்க்காத வரைக்கும்

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். சன்னலோரத்தில் இருந்தவள் தேர்வுக்கு இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள்.

“யாரும் பாக்காத வரைக்கும் எலக்ட்ரான் அலைடி. தகட்டுல ரெண்டு ஓட்டை இருந்தா, ரெண்டுலயும் ஒரே நேரத்துல போகும். எதுல போகுதுன்னு பாத்தா, ஒரு ஓட்டைதான்.”

“என் கதையும் அதான்,” என்றாள் தலைநிறைய மல்லிகைப்பூ வைத்திருந்தவள். “மதுரையில எம்.எஸ்சி. சீட்டும் இருக்கு, மாப்பிள்ளையும் இருக்கு. இன்னைக்குச் சின்னமனூர் வீட்டுக்குப் பொண்ணு பாக்க வாராக. பாத்துட்டாகன்னா படிப்பு போச்சு.”

“சின்னமனூரெல்லாம் எறங்கு!” கண்டக்டர் கத்தினார்.

புத்தகக்காரி எழுந்தாள். பூ வைத்திருந்தவள் அசையவில்லை. “கம்பத்துக்கு ஒரு டிக்கெட் போடுங்கண்ணே.”

“அடியே, வீட்டுக்கு வந்தவகளுக்கு நான் என்னடி சொல்ல?”

“போட்டோவப் பாத்துட்டுப் போகச் சொல்லு.”