கட்டைவிரல் அளவு

“வரிசை முடியிறவரைக்கும் போவாத மச்சான், பாதியிலயே திரும்பு.”

சிதம்பரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்து வந்த குரல். சிப்காட்டில் இரவு வேலை முடித்து ஏறிய இரண்டு பேர், கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஒருவர் மடியில் மஞ்சள் கம்பளி நூலும் இரண்டு ஊசிகளும். மற்றவர் செல்போனில் வீடியோ பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு வெளியே வயல்கள் பனியில் மிதந்து போயின.

“நேரா போனா என்னாவும்?”

“வெறும் பட்டையா வரும். பாதி பாதியில திரும்பினாதான் குதிகாலு பொடைச்சிக்கினு வரும்.”

“இங்க ஓட்டை வுழுது பாரு.”

“திரும்புற எடத்துல நூல ஒரு சுத்து சுத்தாம வுட்டுட்ட. பிரிச்சிப் போடு.”

பிரித்து மறுபடி பின்னினார். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது, அவர் விரல்களுக்கு நடுவே ஒரு சின்னக் குதிகால் மெல்லத் திரண்டது.

“கடையில வாங்கக் கூடாதா?” என்றார் செல்போன்காரர்.

“ஏழு மாசத்துல பொறந்து, ஆஸ்பத்திரி கண்ணாடிப் பெட்டியில கெடக்குற எம் புள்ளைக்கு எந்தக் கடையில சாக்ஸ் இருக்கு? காலு என் கட்டைவிரல் நீளந்தான்னு நர்ஸம்மா சொன்னாங்க.”

ஊசியோடு சேர்த்து அதைத் தன் கட்டைவிரலில் சுற்றிப் பார்த்தார். சரியாக இருந்தது.

“அவுங்க சொல்லி ரெண்டு வாரம் ஆச்சே. இப்ப பத்தாம போயிட்டா?”

விரலை எடுக்காமலே சொன்னார்: “பத்தாம போவணும்னுதான் மச்சான் வேண்டிக்கினு இருக்கேன்.”