ஆயம்மாள் வரும்வரை

ஏலக்காய் வாசனை துணியைவிட்டு லேசில் போகாது. பறிக்கிறவர்கள், உலர்த்துகிறவர்கள், அவர்களுடைய இடுப்புப் பிள்ளைகள் எல்லோரிடமும் அது இருக்கும். வாசனையை வைத்து ஒருவரைத் திருடர் என்று சொல்ல முடியாது. அதனால்தான், போடி மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே மலைப்பாதை இறங்குகிற இடத்தில், தோட்டத்துக் காவல்சாவடி வைத்திருந்தார்கள். பதினோரு வருஷம் அங்கே நான் காவல். இறங்குகிறவர்களை நிறுத்தி மடியை உதறச் சொல்வது என் வேலை.

அதற்கு எனக்கு அதிகாரம் உண்டா என்று போடி ஸ்டேஷன் ஏட்டிடம் ஒருமுறை கேட்டேன். எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் சட்டப் புத்தகத்தையே காட்டினார். கண்ணெதிரே திருடியவனைப் பிடிக்கலாம். தாமதமில்லாமல் போலீசில் ஒப்படைக்க வேண்டும். பெண்ணைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும். வெறும் சந்தேகத்துக்கு அடைத்துவைக்கலாம் என்று எங்கும் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெண்களைச் சோதிக்க என் மனைவி ஆயம்மாளை வைத்துக்கொண்டேன்.

1917 ஐப்பசியில் ஒருநாள், சுமைக்காரன் ராக்கையாவை முண்டாசை அவிழ்க்கச் சொன்னேன்.

"அவுக்குறேண்ணே. ஒங்க மக மடியை என்னைக்காச்சும் உதறிப் பாத்திருக்கீகளா?" என்றான். வரிசை முழுவதும் சிரித்தது.

மறுநாள் காலை, மேலே காய் பறிக்கிற என் மகள் செல்லக்கிளி மழையோடு இறங்கி வந்தாள். மார்போடு துணியில் சுற்றிய எட்டு மாதக் குழந்தை.

"அய்யா, பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் ஜன்னி. போடிக்கு வைத்தியர்கிட்ட கொண்டு போறேன். வெரசா விடுங்க."

பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரோ செருமினார்கள். ஆயம்மாள் ராசிங்காபுரத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தாள்.

"ஒங்காத்தா வரட்டும். சோதிச்ச பெறகு போ," என்றேன்.

"நீங்களே அவுத்துப் பாருங்கய்யா," என்று அவள் முடிச்சில் கைவைத்தாள். தடுத்தேன். ஆண் அதைச் செய்யக்கூடாது. வரிசையில் நின்ற இருளம்மாள், "நான் பாத்துச் சொல்றேண்ணே," என்றாள். அவளும் காய் பறிக்கிறவள். அவள் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள் என்று மறுத்துவிட்டேன். தாயையும் பிள்ளையையும் சாக்கு அறையில் விட்டுப் பூட்டினேன். குடிக்கத் தண்ணீர் வைத்தேன்.

மதியம்வரை அவள் கதவைத் தட்டினாள். பிறகு தட்டவில்லை. தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன் என்பதுதான் சரி. சாவி என் இடுப்பில் இருந்தது.

பொழுது சாயும்போது ஆயம்மாள் வந்தாள். கதவைத் திறந்தேன். செல்லக்கிளி அழவில்லை. மடியில் கிடந்த குழந்தையின் கை விரைத்திருந்தது. ஆயம்மாள் என்னைப் பார்த்தாள்.

"சோதனையை முடிச்சிரு," என்றேன்.

அவள் குழந்தையின் துணியை அவிழ்த்து என் முகத்துக்கு நேரே உதறினாள். ஒரு காய்கூட விழவில்லை.

"பாத்துக்கிட்டீகளா?"

பார்த்தேன். வழிவிட்டேன்.

ஜன்னி கொண்டுபோய்விட்டது என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படியே சொன்னேன். வைத்தியர் வீடு அங்கிருந்து இரண்டு மணி நேர நடை. கொன்றது நான்தான். அதன்பிறகு என்னோடு பேசாமலே மகளும் இறந்தாள், ஆயம்மாளும் இறந்தாள். ஆனாலும் ஒன்றை எழுதிவைக்க வேண்டும். அது பெண் குழந்தை. புத்தகத்தில் இருந்தபடி, அதன் துணியில்கூட நான் கைவைக்கவில்லை.