பழைய மென்பொருளின் மேல் பிழை இல்லை

சப்-இன்ஸ்பெக்டர் ஹாலேஷ் அவர்களுக்கு,

சென்ற தசராவுக்கு மறுநாள் என் போட்டோ ஸ்டூடியோவில் ஐந்து பேர் இருந்தோம். கெம்பம்மா அக்கா மின்விசிறிக்கு நேர் கீழே முக்காலியில். அவர் கணவர் தொட்டய்யா, வழக்கம்போல் உள்ளே வராமல், வாசற்படியில். என் தங்கை சர்வமங்களா சுவரோரப் பெஞ்சில். பக்கத்தில் அவள் மகள் மானசா, மடியில் மண்டக்கிப் பொரிப் பொட்டலத்தோடு. நான் கணினி முன். யார் எங்கே இருந்தார்கள் என்பது தேவைப்படும், அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இது உங்கள் நிலையத்துக் குறிப்புக்குப் பதில். அக்காவின் காணாமல்போன மகள் ஸ்பூர்த்தியின் படத்தைப் பெங்களூரில் சோதித்ததில் பதிவிலுள்ள எந்த முகத்தோடும் ஒத்துப்போகவில்லை என்றும், காலாவதியான மென்பொருளில் செய்த தரக்குறைவான வேலை காரணமாகலாம் என்றும் அதில் இருந்தது. அது சரியல்ல.

மென்பொருள் பழையதுதான். அது ஓடிய கணினி செத்துவிட்டது. புதியதில் அது ஏற மறுத்தது. துமகூரிலிருந்து வந்த கணினிக்காரர் வர்ச்சுவல் மெஷின் என்று ஒன்றைப் போட்டுத் தந்தார். புதிய கணினிக்குள்ளேயே பழைய கணினி ஒன்று இருப்பதாக மென்பொருளை நம்பவைக்கும் ஏற்பாடு அது. "புதுசு வாங்குங்கண்ணா, இது செத்த எருமைக்குக் கொம்பு சீவுற வேலை" என்று சிரித்தார். ஆனால் ஸ்பூர்த்தியின் படம் அந்த மென்பொருளில்தான் லேயர் லேயராக இருந்தது. ஒவ்வொரு வருடத்து முகமும் முந்தைய வருடத்தின் மேல் ஒரு கண்ணாடித்தாள்போல. எல்லாவற்றுக்கும் அடியில் நான்கு வயது. புதிய மென்பொருள்களில் திறந்தால் அத்தனையும் ஒன்றாகிவிடும்.

பத்து வருடங்களுக்கு முன் கோயில் ஜாத்திரையில் நான் படக்கடை போட்டிருந்தேன். தாஜ்மகால் திரை, மர மோட்டார் சைக்கிள். இரவு கடையைக் கட்டும்போது திரைக்குப் பின்னால் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன. உதவிக்கு வந்திருந்த சர்வமங்களா தூக்கினாள். கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. அது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"காலையில போலீஸ்ல சொல்லிடலாம்ணா" என்றாள்.

"சொல்லிடலாம்" என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

காலையில் நாங்கள் கிளம்புமுன் கெம்பம்மா அக்காவும் தொட்டய்யாவும் என் கடைக்கே வந்துவிட்டார்கள். காணவில்லை என்று நோட்டீஸ் அடிக்க முகம் வேண்டும். ஒரு கல்யாணக் கும்பல் படத்தை நீட்டினார்கள். அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுத்ததும் நான்தான்; நெகட்டிவ் என்னிடம் இருந்தது.

"இவதாண்ணா. ராட்டினம் கேட்டு அழுதா. நான்தான் ஒண்ணு வச்சேன். கையை உதறிட்டு ஓடிட்டா" என்றார் அக்கா.

அடித்ததை அவரே ஒப்புக்கொண்டார். அதன்பிறகு நான் யோசிக்க வேண்டியதாயிற்று. கடைக்குப் பின்னால் என் வீட்டில் குழந்தை ராகிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது, அழவில்லை.

படத்தில் கண்களுக்கு நடுவே சிறிது இடம் கூட்டினேன். மோவாயைக் குறுக்கினேன். காதின் கீழ்நுனிகளைக் கன்னத்தோடு ஒட்டவைத்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

தொட்டய்யா பார்த்துவிட்டு, "வேற மாதிரி தெரியுதேண்ணா" என்றார்.

"சின்னதைப் பெருசு பண்ணினா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"கம்ப்யூட்டருக்குத் தெரியாதது கொப்பரை மூட்டை தூக்குற உனக்குத் தெரிஞ்சுடுச்சா? சும்மா இருய்யா" என்று அக்கா அவரை அடக்கினார்.

அவர்கள் கொண்டுவந்த படம் ஸ்கேனரில் சிக்கிக் கிழிந்துவிட்டதாகச் சொன்னேன். நெகட்டிவையும் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வாரமே சர்வமங்களா குழந்தையோடு சிர்சியிலுள்ள கணவர் வீட்டுக்குப் போய்விட்டாள். மானசா என்று பெயர் வைத்தார்கள்.

அதிலிருந்து வருடந்தோறும் அக்கா வருவார். மகளை ஒரு வயது வளர்த்துத் தரச் சொல்வார். "ரெட்டைச் சடை போடுங்கண்ணா." "இந்நேரம் மூக்குத்தி போட்டிருப்பா, போடுங்க." எல்லாம் போட்டேன். ஒரு பைசா வாங்கியதில்லை. நான்கைந்து வருடத்தில் தொட்டய்யாவும் வேறு மாதிரி தெரிகிறது என்று சொல்வதை விட்டுவிட்டார். அக்காவுக்கு வருடம் ஒரு மகளைக் கொடுத்தேன். என் தங்கைக்கு வாழ்நாளுக்கு ஒருத்தியை. இரண்டு தாய்மாருக்கு இவ்வளவு செய்தவர்களை நான் பார்த்ததில்லை.

இனி அந்தத் தசரா. தங்கை சொல்லாமல் வந்துவிட்டாள். அக்காவும் அன்றுதான் வந்தார். கையில் நான் போட்டுத் தந்த புதிய படம். நிமிர்ந்து பெஞ்சைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் பெஞ்சைப் பார்த்தார்.

"உன் பேரென்ன கண்ணு?"

"மானசா."

"எத்தனாவது படிக்கிற?"

"ஒன்பதாவது, ஆன்ட்டி."

"எம் பொண்ணும் ஒன்பதாவதுதான் இருப்பா. உன்ன மாதிரி இல்ல, அவளுக்குக் கண்ணு ரெண்டும் நல்லா தள்ளித் தள்ளி இருக்கும்" என்று படத்தைக் காட்டினார்.

"அழகா இருக்காங்க" என்றாள் மானசா. மண்டக்கிப் பொட்டலத்தை நீட்டினாள். அக்கா ஒரு பிடி அள்ளிக்கொண்டு, "நல்லாப் படிக்கணும்" என்று அவள் தலையில் கைவைத்துவிட்டுப் படியிறங்கினார்.

பெற்றவளுக்கே தெரியவில்லை. இதைத் தரக்குறைவான வேலை என்று சொல்ல முடியுமா?

மூலக் கோப்பைக் கேட்டிருக்கிறீர்கள். நேற்று எல்லா லேயர்களையும் ஒன்றாக்கிவிட்டு, அந்த வர்ச்சுவல் மெஷினையும் அழித்துவிட்டேன். அடியில் இருந்த, நான் கைவைக்காத நான்கு வயது முகம் இனி எங்கும் இல்லை. தங்கை சிர்சி வீட்டைக் காலி செய்து ஒரு வாரமாகிறது; எங்கே என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வர வேண்டியது வரட்டும். குறிப்பில் மென்பொருளைப் பற்றிய அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

இந்த வருடத்துப் படத்தையும் இத்துடன் வைக்கிறேன். பதினான்கு நிறைந்துவிட்டதால் முகத்தைச் சற்று நீட்டியிருக்கிறேன். அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். மற்றதைச் சொல்ல வேண்டாம். சொன்னால் முழங்கால் வலியோடு ஊர் ஊராக அலையத் தொடங்கிவிடுவார், பாவம். படம் மடங்காமலிருக்க அட்டை கொடுத்து உறையை ஒட்டுகிறேன். நான்கு மணிக்குத் தபால் எடுக்க வருவார்கள்.

விரூபாக்ஷய்யா
திப்டூர்